ஒற்றைக் கலனும் ஆழ்நீரும்

மன்னார்க் கடலில் முத்தும் சங்கும் குளித்த மக்கள் நெடுங்காலம் ஒரு மூச்சை நம்பியே தொழில் புரிந்தனர். கற்கட்டிய கயிற்றிற் காலூன்றி இறங்கிய சுழியோடி ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் கடலடியில் நின்று, கைக்கெட்டியதைக் கூடையிலிட்டு மேலே வந்தான். அவன் நெஞ்சினுள் இருந்தது நீர்ப்பரப்பின்மேல் முகந்த வளி. ஆழத்தில் அது சுருங்கியது; மேலே வந்ததும் பழைய அளவுக்கு விரிந்தது; அதற்குமேல் விரிய வழியில்லை. எவ்வளவு நேரம் தங்கலாம் என்பதை அவன் மூச்சே வரையறுத்தது.

1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டினரான ஜாக் கூஸ்தோவும் எமில் கனியானும், சூழ்ந்த நீரின் அமுக்கத்துக்கு இணையான அமுக்கத்தில் வேண்டும்போது மட்டும் வளியை வழங்கும் கருவியை அமைத்தபின் அவ்வரையறை அகன்றது. முதுகிலே ஓர் உலோகக் கலனைச் சுமந்தவன் ஒரு மணி நேரங்கூட நீரினுள் உலவலாம் என்றாயிற்று. எனினும் அம்மணிநேரம் ஆழமற்ற நீருக்கே உரியது என்பதைப் பலர் அறியார். கலனில் இருப்பது ஒட்சிசன் என்று பொதுமக்கள் கூறுவதும் பிழை. அதில் அடைக்கப்படுவது நாம் அன்றாடம் சுவாசிக்கும் வளியே. தூய ஒட்சிசனைச் சுவாசித்துக்கொண்டு இறங்குவோன் ஆறு மீற்றர் ஆழத்தைக் கடந்தால், அதுவே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கக்கூடும்.

இலங்கைக் கடலில் ஆழத்தின் ஆசையைத் தூண்டும் இடங்களுள் தலையாயது மட்டக்களப்புக்கு அப்பால் அமிழ்ந்து கிடக்கும் 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலாகும். 1942 ஏப்ரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு இரையாகிய இக்கப்பலோடு 307 பேர் மாண்டனர். இன்று அது ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்திற் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடலுக்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட எல்லையோ 40 மீற்றர். புதிதாகப் பயின்றவர்க்கு அது 18 மீற்றரே. இவ்வெல்லைகளின் காரணத்தை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். பாடசாலையிற் பயின்ற போயிலின் விதி ஒன்றே இதற்குப் போதும்.

கடல்நீரில் ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். ஆகவே 53 மீற்றரில் மொத்த அமுக்கம் 6.3 வளிமண்டலம். தரையில் நிமிடத்துக்கு 20 இலீற்றர் வளியைச் சுவாசிப்பவனுக்கு அங்கே 126 இலீற்றர் வேண்டும். வழக்கமான கலனின் கொள்ளளவு 12 இலீற்றர். 200 பார் அமுக்கத்தில் நிரப்பினால் அதில் 2400 இலீற்றர் வளி அடங்கும். இடருக்கென 600 இலீற்றரை ஒதுக்கினால் எஞ்சுவது 1800. மூன்று நிமிடங்களில் இறங்குவதற்கு 220 இலீற்றர் செலவாகும். நிமிடத்துக்கு 9 மீற்றர் வீதம் ஏறுவதற்கு 440. ஐந்து மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் தரிப்பதற்கு 90. இவற்றைக் கழித்தால் கப்பலருகே நிற்பதற்குக் கிடைப்பது எட்டு நிமிடங்களே.

இது மனம் அமைதியாயிருப்பவனின் கணக்கு. நீரோட்டம் எதிர்த்தாலும் அச்சம் பற்றினாலும் மூச்சு இருமடங்காகும். அப்பொழுது இறங்கவும் ஏறவும் தரிக்கவும் மட்டுமே 1500 இலீற்றர் தேவைப்படும். எஞ்சிய 300 இலீற்றர், நிமிடத்துக்கு 252 வீதம் செலவாகுமிடத்து, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலாகவே நிற்கும். இடருக்கென ஒதுக்கிய பங்கும் அதே விரைவிற் கரையும். துணைவனின் கருவி பழுதுற்று இருவரும் ஒரு கலனிலிருந்து சுவாசிக்க நேர்ந்தாலும் நிலைமை இதுவே. கலன் ஒன்று, அதன் வாயில் ஒன்று, வளியைச் சீராக்கும் கருவி ஒன்று. இவற்றுள் எது தவறினும் 53 மீற்றர் ஆழத்தில் மாற்று வழி கிடையாது.

வளி போதுமாயினும் உடல் இடங்கொடாது. அமுக்கம் கூடும்போது வளியிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைகின்றது. விரைந்து மேலேறினால், மூடி திறந்த சோடாப் போத்தலிற் போல அது குமிழிகளாய் வெளிப்படும். மூட்டுகளில் தாங்கொணா நோவும், குமிழிகள் முண்ணாணைத் தாக்கின் கால்களின் செயலிழப்பும் உண்டாகும். இக்குமிழிகளே நோய்க்குக் காரணமென 1878இல் போல் பேர் என்னும் பிரெஞ்சு அறிஞர் காட்டினார். ஆடுகளைக் கொண்டு சோதித்து, படிப்படியாகத் தரித்து ஏறும் முறையை 1908இல் வகுத்தவர் பிரித்தானியரான ஹால்டேன். அமெரிக்கக் கடற்படையின் 1950களின் அட்டவணைப்படி, ஏறத்தாழ 55 மீற்றர் ஆழத்துக்குச் சென்றவன் இடையிற் கட்டாயமாகத் தரிக்காது ஏறவேண்டுமாயின், இறங்கத் தொடங்கியதிலிருந்து ஐந்து நிமிடங்களில் ஏற்றத்தைத் தொடங்கவேண்டும். இறங்குவதற்கே மூன்று நிமிடம் போய்விடும். கலன் எட்டு நிமிடம் தருகிறதென்று நம்பி அங்கே நிற்பவன், ஏறும்போது நெடுநேரம் தரிக்கவேண்டியவனாகிறான். தரிக்கும் நேரத்துக்கோ வளி இல்லை. ஒற்றைக் கலனின் தலையாய இடர் இதுவே.

இந்நிலையை உணரவேண்டிய அறிவும் ஆழத்தில் மயங்குகின்றது. 30 மீற்றரளவிலிருந்து நைதரசன் மதுவைப்போல் மூளையை மந்தமாக்கும். மயங்கியவன் துன்புறுவதில்லை; மகிழ்வுறுகிறான். அதனாலேயே அது பொல்லாதது. கூஸ்தோவின் தோழரான மொரிஸ் பார்க் 1947இல் தூலோன் கடலில் ஏறத்தாழ 120 மீற்றர் ஆழம் வரை இறங்கி, ஆழங்குறித்த பலகையில் ஒப்பமிட்டார். கயிற்றின் சைகை நின்றது. தோழர்கள் இழுத்தெடுத்தபோது சுவாசக் குழாய் வாயினின்று நழுவித் தொங்கியது, உயிர் மீளவில்லை. அவர் தேர்ந்த கடற்படைச் சுழியோடி என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

வளி தீர்ந்த அச்சத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வோனுக்கு மற்றுமோர் இடர் உண்டு. முத்துக்குளிப்போன் போலன்றி, இவன் நெஞ்சில் இருப்பது ஆழத்திலே நிரப்பிய வளி. பத்து மீற்றரிலிருந்து நீர்ப்பரப்புக்கு வருவதற்குள் அது இருமடங்காக விரியும். மூச்சை வெளிவிடாதவனின் நுரையீரல் ஓரிரு மீற்றர் ஏற்றத்திலேயே கிழியக்கூடும்.

கடலுக்கு வெகுதொலைவிலுள்ள திகனைக்கு இவற்றோடு என்ன தொடர்பு என வினவலாம். தொடர்பு இருவகையில் உண்டு. மகாவலியை மறித்துக் கட்டிய விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரம் நீருள் மறைந்தது. குடிபெயர்ந்தோர்க்கென எழுந்த புதுநகரே திகன. வரட்சிக் காலங்களில் பழைய கட்டடங்களின் சிதைவுகள் வெளியே தோன்றுகையில் காண்போர்க்கு ஆவல் பிறத்தல் இயல்பு. அணையின் உயரம் 122 மீற்றர்; 40 மீற்றர் என்னும் எல்லை அதில் மூன்றிலொரு பங்கே. அன்றியும் நீர் நிறைந்தபோது நீர்த்தேக்கத்தின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 438 மீற்றர். அங்கே வளிமண்டல அமுக்கம் கடற்கரையிலும் ஐந்து வீதமளவு குறைவு. மேலே வருபவனின் உடல் குறைந்த அமுக்கத்துக்கு மீள்வதால் நைதரசன் வெளியேறும் வேகம் கூடும். நன்னீர் உவர்நீரிலும் இலேசானது என்பது சிறிது ஈடுசெய்யும். ஆயினும் அங்கு 40 மீற்றர் இறங்குவோன் கடலில் 41 மீற்றர் இறங்கியவனாகவே தன்னைக் கருதவேண்டும். கடல் மட்டத்துக்கென வகுத்த அட்டவணைகள் 300 மீற்றருக்கு மேற்பட்ட நீர்நிலைகளுக்குத் திருத்தமின்றிப் பொருந்தா.

இரண்டாவது தொடர்பு பாதையைப் பற்றியது. உண்மையில் இதுவே அதிகம் கவனிக்கப்படாதது. மட்டக்களப்பிலே சுழியோடிவிட்டுக் கண்டிக்குத் திரும்புவோர் மகியங்கனை வழியாகப் பதினெட்டு வளைவுகளையும் ஏறி, ஹுன்னஸ்கிரிய, தெல்தெனிய ஊர்களைக் கடந்து திகனையை அடைகின்றனர். காலையில் 40 மீற்றர் ஆழத்தில் நின்ற உடலில் மாலையிலும் நைதரசன் எஞ்சியிருக்கும். மலையேற ஏற வெளியமுக்கம் குறைந்து, கடற்கரையில் அடங்கியிருந்த குமிழிகள் பருக்கும். ஒருமுறை மூழ்கியவர் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் விமானமேறலாகாது என்பது இன்றைய மருத்துவ விதி. கட்டாயத் தரிப்போடு மூழ்கியவர்க்கு அதனினும் கூடிய நேரம் வேண்டும். மலைப்பாதைக்கும் அதே அளவைக் கைக்கொள்ளுதல் தக்கது. அதாவது, இரவு கடற்கரையில் தங்கி மறுநாள் புறப்படுவதே முறை.

நோய் கண்டவர்க்குத் தூய ஒட்சிசனைச் சுவாசிக்கக் கொடுத்து, படுக்கவைத்து, தாமதமின்றி அமுக்க அறை உள்ள இடத்துக்குக் கொண்டுசெல்லவேண்டும். திருகோணமலைக் கடற்படை மருத்துவமனையில் அத்தகைய அறை உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் கடலட்டைக்கும் சங்குக்கும் கலனோடு மூழ்கி நோயுற்ற தொழிலாளர் அங்கே சிகிச்சை பெற்றிருக்கின்றனர். நோவு நீங்குமென்று மீண்டும் நீரில் இறங்குதல் ஆகாது. திகனையை அடைந்த பின்னர் தோளிலோ முழங்காலிலோ நோவு தோன்றினால், பயணக் களைப்பென எண்ணிப் படுத்துறங்காது, அன்று காலை எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லவேண்டும். சொல்லாதவிடத்து மலைநாட்டு மருத்துவர் அதனை வாதநோயென்றே கொள்வார்.