ஒரு வீட்டுக்கு ஒரு குழந்தைதான்! ஓசூர் பள்ளியைத் தேடி வரும் வெளிநாட்டு ஸ்பான்சர்கள்

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் ஜவளகிரி காட்டோரக் கிராமங்களில் ராத்திரித் தூக்கம் போய்விடும். கர்நாடகத்தின் பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் இந்த வழியாகத்தான் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி வயல்களைத் தேடி வரும். அவற்றை விரட்டுவதையே வேலையாகக் கொண்டவர்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அப்படிக் கர்நாடகப் பக்கம் யானை விரட்டிய ஒருவரின் மகள் ஷில்பா ராஜ். 2017-ல் வெளியான அவருடைய சுயசரிதையின் பெயரே 'தி எலிஃபன்ட் சேஸர்ஸ் டாட்டர்'.

நான்கு வயதில் அவரை அழைத்துக்கொண்டு வந்து படிக்கவைத்தது, ஓசூர் வட்டத்தில் பாலிகானப்பள்ளியில் இருக்கும் 'சாந்தி பவன்' உறைவிடப் பள்ளி. கேரளாவில் பிறந்து, இந்திய ராணுவத்தில் பணியாற்றி, பிறகு அமெரிக்காவில் தொழிலதிபரான ஆபிரகாம் ஜார்ஜ் 1997-ல் தொடங்கியது. நெட்ஃப்ளிக்ஸில் 'டாட்டர்ஸ் ஆஃப் டெஸ்டினி' பார்த்தவர்களுக்கு இந்தப் பள்ளி நன்றாகத் தெரியும். வனெசா ராத் ஏழு வருடம் படம்பிடித்த ஆவணத் தொடர் அது. இசை, நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்!

கல் குவாரித் தொழிலாளி, கூலித் தொழிலாளி வீடுகளில் இருந்து வருடத்துக்குச் சுமார் 24 குழந்தைகளைச் சேர்க்கிறார்கள். சாப்பாடு, துணி, மருத்துவம், படிப்பு எல்லாம் இலவசம். பிளஸ் டூவோடு நிற்காமல் கல்லூரிச் செலவும் உண்டு. கணக்குப் போட்டால் ஒரு குழந்தைக்கு 17 வருடம். ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு வீட்டிலிருந்து ஒரு குழந்தைதான்.

இந்த ஒற்றை விதியை நியாயம் என்றும் சொல்லலாம், கொடுமை என்றும் சொல்லலாம். அதிகக் குடும்பங்களுக்கு வாய்ப்பு போக வேண்டும், படித்து வரும் ஒருவர் வீட்டையே தூக்கி நிறுத்துவார் என்பது பள்ளியின் கணக்கு. அக்கா இங்கிலீஷ் பேசிக்கொண்டு லீவுக்கு வரும்போது வாசலில் நிற்கும் தம்பி, தங்கைக்கு அந்தக் கணக்கு புரியுமா? சாந்தி பவனில் இடம் கிடைக்காத ஷில்பாவின் தங்கை இளம் வயதிலேயே இறந்துபோனார். அந்தப் புத்தகத்திலும் தொடரிலும் மனசைப் பிசையும் பகுதி அதுதான்.

முதல் பத்து வருடங்களுக்கு மேல் ஆபிரகாம் ஜார்ஜின் சொந்தப் பணத்தில்தான் பள்ளி ஓடியது. 2008 பொருளாதாரச் சரிவில் அது கரைந்துபோக, பள்ளியை மூடும் நிலை வந்தது. அவருடைய மகன் அஜித் ஜார்ஜும் மற்றவர்களும் வெளியே நன்கொடை திரட்ட இறங்கினார்கள். அதன் பிறகுதான் தனி நபர் ஸ்பான்சர்கள் இந்தப் பள்ளிக்கு உயிர்நாடி ஆனார்கள்.

முகம் தெரியாத ஒரு குழந்தையை போட்டோ, கடிதம் வழியாகத் தத்தெடுத்ததுபோல் உதவும் வழக்கம் பழையது. 1937-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அநாதையான குழந்தைகளுக்காக பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ஜான் லாங்டன் டேவிஸ் தொடங்கிய அமைப்புதான் இன்றைய 'பிளான் இன்டர்நேஷனல்'. நம் பக்கத்திலும் ஆந்திராவின் அனந்தபூருக்கு, வின்சென்ட் ஃபெரர் தொடங்கிய அறக்கட்டளையின் குழந்தைகளைப் பார்க்க ஸ்பெயினிலிருந்து ஸ்பான்சர்கள் வருகிறார்கள்.

சாந்தி பவனுக்கு வருபவர்கள் பெங்களூரு விமான நிலையத்தில் இறங்கி, டிராஃபிக்கில் நீந்தி, அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இப்படி வருபவர்கள் எங்கேயும் இரண்டு, மூன்று நாள்தான் இருப்பார்கள். வகுப்பறையை எட்டிப் பார்ப்பார்கள், குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள், நிறைய போட்டோ எடுப்பார்கள். வந்தவருக்கு அது வாழ்நாள் நினைவு. குழந்தைக்கு? கடிதத்தில் மட்டும் இருந்த ஆள் நேரில் வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சந்தோஷம்தான். அதே நேரம், பாட்டுப் பாடி நன்றி சொல்லிக்கொண்டே இருப்பது குழந்தையின் வேலை இல்லை. விலை உயர்ந்த பொம்மை ஒன்று ஒரே ஒரு கைக்குப் போனால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவளுக்கு அன்று தூக்கம் வராது. அதனால்தான் பல அமைப்புகள் பரிசைப் பொதுவாகக் கொடுக்கச் சொல்கின்றன. பின்னணி விசாரணை இல்லாமல் உள்ளே விடுவதில்லை. குழந்தையோடு தனியாக இருக்க அனுமதிப்பதும் இல்லை.

இதனால் பலன் உண்டா? 'கம்பேஷன் இன்டர்நேஷனல்' ஸ்பான்சர் திட்டத்தை இந்தியா உட்பட ஆறு நாடுகளில் புரூஸ் வைடிக் குழு ஆராய்ந்து, 2013-ல் முடிவை வெளியிட்டது. உதவி பெற்ற குழந்தைகள் மற்றவர்களைவிட ஒன்று முதல் ஒன்றரை வருடம் கூடுதலாகப் படித்திருந்தார்கள். ஆனால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் முன் அனுமதிச் சிக்கல் வந்து, அதே அமைப்பு 2017 மார்ச்சில் இந்தியாவில் கடையை மூடியது. ஏறக்குறைய 1.45 லட்சம் குழந்தைகளுக்கு உதவி நின்றது. பணம் அனுப்ப ஸ்பான்சர்கள் தயாராகத்தான் இருந்தார்கள்.

சாந்தி பவனில் முதலில் படித்த குழந்தைகள் இன்று பெரியவர்கள். சிலர் பெங்களூருவில் கோல்ட்மேன் சாக்ஸ் போன்ற நிறுவனங்களில் வேலை பார்க்கிறார்கள். சம்பளத்தில் ஒரு பகுதி வீட்டுக் கடனுக்கும், இடம் கிடைக்காமல் போன தம்பி, தங்கைகளின் படிப்புக்கும் போகிறது.