விதை தூவியும் புல் முளைக்கலையா? முதல்ல பாக்கெட்ல பெயரைப் பாருங்க!

வீட்டு வாசலில் 100 சதுர அடி இடம் இருக்கிறது; புல்தரை போட ஆசை. ஆன்லைனில் தேடினால் பச்சைப் பசேல் படங்களோடு விதை பாக்கெட்டுகள் வரிசை கட்டுகின்றன. வாங்கித் தூவி, தினமும் தண்ணீர் விட்டு, ‘இருபது நாளாச்சு, ஒண்ணுமே வரலையே’ என்று புலம்புபவர்கள் உண்டு. சிலருக்கு ஜனவரியில் அழகாக முளைத்து, மே மாத வெயிலில் மொத்தமும் கருகிவிடும். கைராசி சரியில்லை என்று நொந்துகொள்ளும் முன், எந்தப் புல்லின் விதையை வாங்கினோம் என்று பார்ப்பது நல்லது.

எந்த விதை நம்ம ஊருக்கு?

கென்டக்கி புளூகிராஸ், ஃபெஸ்க்யூ, ரைகிராஸ் போன்றவை குளிர்ப் பிரதேசப் புற்கள். சென்னை, மதுரை, திருச்சி வெயிலை இவை தாங்காது. பாக்கெட்டில் இந்தப் பெயர்கள் இருந்தாலோ, பெயரே இல்லாமல் படம் மட்டும் இருந்தாலோ வாங்க வேண்டாம்.

சமவெளிக்கு ஏற்றது பெர்முடா கிராஸ். பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அருகம்புல்தான். அறிவியல் பெயர் சைனோடான் டாக்டிலான். மேல்தோல் நீக்கிய விதை சீக்கிரம் முளைக்கும். முளைப்புத்திறன், காலாவதி தேதி இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

நர்சரிகளில் பிரபலமான கொரியன் புல் பெரும்பாலும் மண்ணோடு கூடிய துண்டுகளாகவே விற்கப்படுகிறது. கலப்பின பெர்முடா ரகங்கள் பலவற்றில் முளைக்கும் விதையே உருவாகாது.

வெயில் எவ்வளவு வேண்டும்?

அருகம்புல்லுக்கு நேரடி வெயில் தினமும் 6 மணி நேரமாவது வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவர் நிழலிலோ, மாமரத்தடியிலோ சரியாக வராது. அந்த இடத்தில் நிழல் தாங்கும் செடிகளை வைப்பதே மேல்.

எப்படி விதைப்பது?

1. களை: முதல் எதிரி கோரை. மண்ணை ஒரு சாண் ஆழம் கொத்தி, கோரைக் கிழங்குகளைப் பொறுக்குங்கள். தண்ணீர் விட்டு 2 வாரம் சும்மா விட்டால் மிச்சக் களைகள் தலைகாட்டும். பிடுங்கிவிட்டு, இதையே இன்னொரு முறை செய்யுங்கள். அவசரப்பட்டு விதைத்தால் புல்லுக்குள் கோரை புகுந்துவிடும். பிறகு பிரிப்பது பெரும்பாடு.

2. மண்: மக்கிய தொழுவுரம் கலந்து, கட்டி உடைத்து, மட்டமாக்குங்கள். மழைநீர் வீட்டுச் சுவர்ப் பக்கம் ஓடாதபடி லேசான சரிவு இருக்கட்டும். எறும்புப் புற்று இருந்தால் இப்போதே அகற்றுங்கள். எறும்புகள் விதையை இழுத்துச் சென்றுவிடும்.

3. தூவுதல்: 100 சதுர அடிக்கு 50 முதல் 100 கிராம் போதும். ஒரு கிராமிலேயே சுமார் 4,000 விதைகள் இருக்கும். காய்ந்த மணலில் கலந்து, பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்குவாக்கிலும் தூவுங்கள்.

4. மூடுதல்: மேலே அரை சென்டிமீட்டர் மண் போதும். அதற்கு மேல் போனால் முளை வெளியே வராது. பலகை வைத்து லேசாக அழுத்தி, மெல்லிசாக வைக்கோல் பரப்பினால் ஈரமும் நிற்கும், புறாக்களும் கொத்தாது.

5. தண்ணீர்: பூவாளியால் தினமும் 2, 3 முறை லேசாகத் தெளியுங்கள். ஹோஸை நேராகப் பிடித்தால் விதைகள் ஒரே மூலையில் ஒதுங்கிவிடும். மேல்மண் ஒருநாள் காய்ந்தால்கூட முளைவிட்ட விதை செத்துவிடும்.

எப்போது விதைக்கலாம்?

பிப்ரவரி, மார்ச் அல்லது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அக்டோபர், நவம்பர் கனமழை விதையை அடித்துச் சென்றுவிடும்.

எத்தனை நாளில் முளைக்கும்?

7 முதல் 14 நாள். தோல் நீக்காத விதை என்றால் 3 வாரம்கூட ஆகலாம். அதற்குள் மண்ணைக் கிளறிப் பார்க்காதீர்கள். 5 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் முதல் வெட்டு. ஒரு முறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது.

தண்ணீர்க் கணக்கு என்ன?

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் நீர் என்றால் 1 லிட்டர். கோடையில் தினமும் 5 மில்லிமீட்டர் கொடுத்தால், 100 சதுர அடிக்கு (சுமார் 9.3 சதுர மீட்டர்) கிட்டத்தட்ட 46 லிட்டர். லாரித் தண்ணீரை நம்பி இருப்பவர்களுக்கு இது சின்னக் கணக்கு இல்லை.

இங்கேதான் அருகம்புல் கைகொடுக்கிறது. ‘ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி’ என்று வாழ்த்துவது சும்மா இல்லை. நன்றாக வேர்பிடித்த புல்தரை தண்ணீர் குறைந்தால் பழுப்பாகிக் காய்ந்ததுபோல் கிடக்கும். மழை வந்ததும் மண்ணுக்கடியில் உள்ள தண்டுகளிலிருந்து துளிர்க்கும். ஆனால், புதிதாக முளைத்த புல்லுக்கு அந்தத் தெம்பு கிடையாது. ஆகவே, முதல் 2 மாதம் தடையில்லாமல் தண்ணீர் விட முடியுமா என்று பார்த்துக்கொண்டு பாக்கெட்டை ஆர்டர் செய்யுங்கள். முடியாது என்றால், ஜூன் வரை பொறுப்பதே லாபம்.