விமானம் நிரம்புது... பங்கு விலையும் ஏறுமா?

இப்போ வீக்எண்டுக்கு ஏற்காடு போறவங்க சேலம் கமலாபுரம் ஏர்போர்ட்ல இறங்கியே மலை ஏறிடலாம். "விமானப் பயணம் வளரத்தானே போகுது, ஏர்லைன் பங்கு வாங்கிப் போடலாமா சார்?" இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

வளர்ச்சி உண்மைதான். அடுத்த 20 வருஷத்துல உலகத்துக்கு 40,000-க்கும் மேல புது விமானங்கள் தேவைன்னு ஏர்பஸ், போயிங் ரெண்டுமே கணிக்கிறாங்க. 2023-ல மட்டும் ஏர் இந்தியா 470, இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தாங்க.

ஆனா டிமாண்ட் வேற, லாபம் வேற. ஐயாட்டா கணிப்புப்படி 2025-ல உலக ஏர்லைன்களுக்கு ஒரு பயணியால கிடைக்கிற நிகர லாபம் சுமார் 7 டாலர்தான். ஏன் இவ்வளவு கம்மி? எரிபொருள் விலை அவங்க கையில இல்லை. விமான வாடகையை டாலர்ல கட்டணும், டிக்கெட் பணமோ ரூபாயில வருது. இன்னைக்கு காலியாப் போன சீட்டை நாளைக்கு விக்கவும் முடியாது.

சேலத்தையே பாருங்க. முன்னாடி கிங்ஃபிஷர் சென்னைக்குப் பறந்தது, நின்னுபோச்சு. 2018 மார்ச்ல உடான் திட்டத்துல ட்ரூஜெட் வந்தது, அதுவும் நின்னுச்சு. 2023 அக்டோபர்லதான் அலையன்ஸ் ஏர், இண்டிகோ வந்தாங்க. ஏற்காடு அதே இடத்துலதான் இருந்தது, சுற்றுலா வர்றவங்களும் வந்துட்டேதான் இருந்தாங்க. கம்பெனிகள்தான் மாறிக்கிட்டே இருந்தது.

பங்குதாரருக்கு என்ன ஆகும்? ஜெட் ஏர்வேஸ் 2019-ல பறக்கிறதை நிறுத்துச்சு. 2024-ல உச்ச நீதிமன்றம் அதை லிக்விடேட் பண்ணச் சொல்லிடுச்சு. திவால் சட்டப்படி வங்கி, ஊழியர், அரசு பாக்கி எல்லாம் போக மிச்சம் இருந்தாத்தான் பங்குதாரருக்கு. வரிசையில நாம கடைசி ஆள்!

அதனால வாங்குறதுக்கு முன்னாடி ஆண்டறிக்கையில மூணு விஷயம் பாருங்க: டாலர்ல இருக்கிற லீஸ் கடன் எவ்வளவு, மொத்தச் செலவுல எரிபொருள் பங்கு எவ்வளவு, ஒரு சீட்டை ஒரு கிலோமீட்டர் பறக்க வைக்கிற செலவைவிட வருமானம் அதிகமா.

இன்னொண்ணு: இண்டிகோவை நடத்துற இன்டர்குளோப் ஏவியேஷன் 2025 செப்டம்பர்ல நிஃப்டி 50-க்குள்ள வந்துடுச்சு. நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுல எஸ்ஐபி போடுறீங்கன்னா, அதுல ஒரு சின்னத் துண்டு ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கு. பெரும்பாலானவங்களுக்கு அதுவே போதும்.

இது பங்குப் பரிந்துரை இல்லை, கணக்குப் பார்க்கிற முறை மட்டும்தான்.