இரவு வகுப்பு, கோப்பிக் கடை, கோயில்

பகுதிநேரமாகப் பட்டம் படித்துக்கொண்டு, கோப்பிக் கடையில் முறைவேலை பார்த்துக்கொண்டு, ஆலயப் பாடகர் குழுவிலும் இருக்கும் ஓர் இளைஞருக்கு வாரம் இறுகுவது சனி மாலை ஐந்து மணியிலிருந்து ஞாயிறு மதியம் ஒரு மணி வரை. கடையில் கூட்டம் நெரிவது அப்போதுதான். திருப்பலியும் ஆராதனையும் அப்போதுதான். தொலைக்கல்வியின் நேரடி வகுப்புகளும் பெரும்பாலும் அங்கேயே வந்து விழுகின்றன. மற்ற நாட்களில் ஒன்றை இன்னொன்றோடு மாற்றிப் போட்டுச் சமாளித்துவிடலாம். இந்த இருபது மணி நேரத்தில் அது எளிதில் நடக்காது.

அப்படி ஓர் இளைஞர் வாழும் சுங்கை பாக்காப், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், தென் செபராங் பிறை மாவட்டத்தில், சிம்பாங் அம்பாட்டுக்கும் நிபோங் திபாலுக்கும் இடையே பழைய பெருஞ்சாலையை ஒட்டி இருக்கும் சிறுபட்டணம். 19ஆம் நூற்றாண்டில் கீ லாய் ஹுவாட் என்ற தியோச்சிவ் முதலாளியின் கரும்புத் தோட்டத்தைச் சுற்றி வளர்ந்த ஊர். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவரப்பட்டார்கள். அந்த முறை 1910இல் ஒழிந்தது. கரும்புக்குப் பின் ரப்பர், ரப்பருக்குப் பின் செம்பனை. இப்போது பக்கத்திலுள்ள பத்து காவானில் தொழிற்பேட்டையும் பேரங்காடிகளும் எழுந்து நிற்கின்றன. இரண்டாவது பினாங்குப் பாலம் 2014 மார்ச்சில் அங்கிருந்து தீவுக்குத் திறக்கப்பட்டது. ஐக்கியா கடை 2019 மார்ச்சில் வந்தது. தாத்தா பால்மரத்தில் பால் எடுத்தார், பேரப்பிள்ளை பாலை நுரைக்கவைக்கிறது என்று வீடுகளில் கேலி பேசலாம். இரண்டு வேலையும் விடியுமுன்னே எழுந்து போகிற வேலைதான்.

வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிப்பது மலேசியாவில் புதிதல்ல. 1969இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், இரண்டே ஆண்டுகளில், 1971இல், வேலையில் இருப்பவர்களுக்கான வெளிவளாகக் கல்வியை ஆரம்பித்தது. அதன் பொறியியல் வளாகம் இன்று நிபோங் திபாலில் இருக்கிறது. பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் வந்தன. அவற்றில் ஒன்றான வாவாசான் ஜார்ஜ் டவுனையே தலைமையிடமாகக் கொண்டது. எஸ்பிஎம் பள்ளியிறுதித் தேர்வை முடித்து நேரே வேலைக்குப் போய்விட்டவர்களுக்கும் ஒரு கதவு உண்டு. முன்னனுபவக் கற்றலை மதிப்பிடும் ஏப்பல் முறையில், 21 வயது நிறைந்து தகுந்த பணி அனுபவமும் உள்ளவர், வழக்கமான நுழைவுத் தகுதி இல்லாமலேயே மதிப்பீட்டில் தேறி இளங்கலையில் சேரலாம். கல்லாப்பெட்டியில் நின்ற ஆண்டுகளும் அங்கே கணக்கில் வரும்.

சேருவது எளிது. முடிப்பதற்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதைப் பலர் சேரும்போது கேட்பதில்லை. மலேசியத் தகுதி முகமையின் அளவுகோலில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேர உழைப்பு. வகுப்பில் உட்கார்ந்திருப்பது மட்டுமல்ல, வாசிப்பு, இடுபணி, தேர்வு எல்லாம் அதற்குள் அடங்கும். மூன்று கிரெடிட் பாடம் ஒன்று என்றால் 120 மணி நேரம். 14 வாரச் செமஸ்டரில் பிரித்தால் வாரத்துக்கு எட்டரை மணி நேரம். இரண்டு பாடம் எடுத்தால் 17 மணி நேரம். இளங்கலைக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். செமஸ்டருக்கு இரண்டே பாடம் என்று போனால் இருபது செமஸ்டர். ஆண்டுக்கு மூன்று செமஸ்டர் வைத்தாலும் ஏழாவது ஆண்டில்தான் அங்கி அணிய முடியும். வாரத்துக்கு மூன்று இரவு வகுப்பு, அவ்வளவுதானே என்று நினைத்துச் சேருபவர்கள் மூன்றாவது செமஸ்டரில் களைத்துப்போவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

கோப்பிக் கடை என்ற ஒரே பெயரில் இரண்டு வகை வேலைகள் இருக்கின்றன. அவற்றின் கடிகாரம் வேறு வேறு.

பழைய சீனக் கோப்பிக் கடை இருட்டிலேயே திறந்துவிடும். சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருகும் பக்குவத்தில் வறுத்த கொட்டையின் தூளை, காலுறை போன்ற நீண்ட துணிப்பையில் போட்டு, வெந்நீரை உயரத்திலிருந்து ஊற்றி, ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு மாற்றி மாற்றி இறக்குவார்கள். கோப்பி என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பால் கலந்தது. கோப்பி ஓ பாலில்லாதது, கோப்பி சி சீனி சேர்க்காத டின்பால் கலந்தது, கோசோங் என்றால் சீனி இல்லை, காவ் என்றால் திடம், பெங் என்றால் ஐஸ். மேசையிலிருந்து ஒரே மூச்சில் கத்தப்படும் ‘கோப்பி சி கோசோங் பெங்’கைத் தாளில் குறிக்காமல் ஏழு மேசைக்கு நினைவில் வைத்திருப்பதுதான் அந்த வேலையின் திறமை. பசியாறல் கூட்டமும் மதியச் சாப்பாட்டுக் கூட்டமும் ஓய்ந்தால் முறை முடிந்துவிடும். பிற்பகல் தூங்கி எழுந்து இரவு வகுப்புக்குப் போகலாம். சம்பளத்தையும் மேசை துடைக்கும் வேலையையும் பார்த்து இளைஞர்கள் இதை ஒதுக்குகிறார்கள். மாலையில் படிப்பவருக்கு இதைவிடப் பொருந்தும் நேரம் கிடைப்பது கடினம்.

புதுவகைக் கஃபே காலை எட்டு, ஒன்பதுக்குத் திறந்து இரவு பத்து, பதினொன்று வரை ஓடும். 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமை நகரமான பிறகு, அதன் பழைய கடைவீடுகளில் இவை வரிசையாக முளைத்தன. இப்போது பெருநிலத்தின் பேரங்காடிகளிலும் நிறைந்துவிட்டன. இங்கே முறை இரண்டு: திறப்பது, அடைப்பது. அடைக்கும் முறைதான் மாணவர்களுக்கு அதிகம் விழும். கடைசி வாடிக்கையாளர் எழுந்த பிறகும் வேலை இருக்கிறது. பால் நுரைக்கும் குழாயில் காய்ந்து ஒட்டிய பாலை ஈரத்துணியால் துடைத்து, ஆவியைத் திறந்து ஊதிவிட வேண்டும். இயந்திரத்துக்குள் சுத்தப்படுத்தும் பொடியைப் போட்டுத் தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளிக் கழுவ வேண்டும். குப்பை, தரை, கல்லாக் கணக்கு. பத்தரைக்கு முடிந்தால் அதிர்ஷ்டம். தீவிலிருந்து சுங்கை பாக்காப்புக்கு மோட்டாரில் இரண்டாவது பாலத்தைக் கடந்து வர வேண்டும். அது 24 கிலோமீட்டர், அதில் ஏறக்குறைய 17 கடல்மேல். மழைக்காலக் காற்றில் சிறிய மோட்டார் ஆடும். ஒரே ஆறுதல், 2019 ஜனவரி 1 முதல் பினாங்கின் இரண்டு பாலங்களிலும் மோட்டாருக்குக் கட்டணம் இல்லை.

சம்பளக் கணக்கும் பார்க்கத்தக்கது. 2023 ஜனவரி முதல் மலேசியாவில் முழுநேர வேலை வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி நேரம். முழுநேர ஊழியரின் நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல், 70 விழுக்காட்டுக்கு மிகாமல் உழைப்பவரைப் பகுதிநேர ஊழியர் என்கின்றன 2010இன் விதிகள். 45 மணி நேரக் கடையில் அது 31.5 மணி நேரம் வரை. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளியானபோது மணிக்கூலி 8 வெள்ளி 17 காசு ஆனது. 31.5 மணி நேரத்துக்கு வாரம் 257 வெள்ளி, நான்கு வாரத்துக்கு 1,029. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு போனால் கைக்கு வருவது ஏறக்குறைய 916. அதிலிருந்து பெட்ரோல், வீட்டுக்குக் கொடுப்பது, பாடக் கட்டணம். ரொக்கமாகச் சம்பளம் கொடுத்துச் சேமநிதி கட்டாமல் விடும் முதலாளிகள் உண்டு. அந்த 11 விழுக்காடு கையில் கிடைப்பது சலுகையாகத் தோன்றும். முதலாளி தன் பங்காகச் செலுத்த வேண்டிய 13 விழுக்காட்டை விழுங்கிவிட்டார் என்பது தோன்றாது. சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து படிப்புச் செலவுக்கே பணம் எடுக்கலாம் என்பதால், மாணவருக்கு இந்த இழப்பு இரட்டிப்பு.

31.5 மணி வேலை, 17 மணி படிப்பு. இரண்டும் சேர்ந்து 48.5. ஒரு முழுநேர ஊழியரின் வாரத்தைவிட மூன்றரை மணி நேரம்தான் கூடுதல். எண்ணிக்கையைப் பார்த்தால் கோயிலுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. இடிப்பது நேரத்தின் அளவல்ல, அது விழும் கிழமை.

மலேசியத் தமிழர்களில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மை. தென் செபராங் பிறையில் அவர்களின் வேர் தோட்டக் காலத்தது. நிபோங் திபாலில் புனித அந்தோனியார் ஆலயம் இருக்கிறது. வடக்கே புக்கிட் மெர்தாஜாமின் புனித அன்னாள் திருத்தலம் 1846இல் ஒரு சிற்றாலயமாகத் தொடங்கியது. ஜூலை 26 திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வருவார்கள். கத்தோலிக்கர் பங்கு, திருப்பலி, மறைக்கல்வி என்பார்கள். மெதடிஸ்டும் லூத்தரனும் சபை, ஆராதனை, ஞாயிறு பள்ளி என்பார்கள். சொற்கள் வேறானாலும் இளைஞரிடம் கேட்பது ஒன்றே: வாரத்தில் ஓர் இரவு பாட்டுப் பயிற்சி, ஞாயிறு காலை ஆராதனை, அதன் பின் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு.

இதில் கத்தோலிக்கருக்கு ஒரு வசதி உண்டு. 1983இன் திருச்சபைச் சட்டம், முந்தைய நாள் மாலைத் திருப்பலியில் கலந்துகொண்டாலும் ஞாயிற்றுக் கடன் நிறைவேறும் என்கிறது. கடையில் ஞாயிறு காலை முறை விழுந்தவர் சனி மாலை போய்விட்டு வரலாம். ஆனால் சனி மாலைப் பூசை பல பங்குகளில் ஆங்கிலத்தில். தமிழ்த் திருப்பலி ஞாயிற்றுக்கிழமையில், அதுவும் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. பாடகர் குழு அந்தத் தமிழ்த் திருப்பலிக்கு உரியது. கடன் தீர்ந்துவிடும், ஆல்ட்டோ பாட ஆள் இருக்காது. புரொட்டஸ்டன்ட் சபைகள் பலவற்றில் இந்த மாற்று வழியும் இல்லை.

வாரத்துக்கு ஒரு முழு ஓய்வுநாள் என்று மலேசிய வேலைச் சட்டம் 1955 சொல்கிறது. அது ஞாயிறு என்று சொல்லவில்லை. எந்த நாள் என்பதை முடிவு செய்வது முதலாளி. கெடாவின் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால், கிரியான் ஆற்றுப் பக்கம் எல்லை தாண்டி பண்டார் பாருவில் வேலைக்குப் போகிறவருக்கு ஞாயிறு சாதாரண வேலைநாள். மற்ற நாடுகளில் இதற்கு ஒரே விடை இல்லை. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 321இலேயே ஞாயிறு ஓய்வைச் சட்டமாக்கினார். ஜெர்மனியின் அரசியல் சட்டம் இன்றும் ஞாயிறைக் காக்கிறது. அமெரிக்காவில் ஞாயிறு வேலை செய்ய மறுத்த அஞ்சல்காரர் ஜெரால்டு கிராஃபின் வழக்கில், 2023 ஜூனில், சமய அனுசரிப்புக்கு இடம்தர மறுக்கும் முதலாளி தன் தொழிலுக்குக் கணிசமான சுமை ஏற்படும் என்று காட்ட வேண்டும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிலாளியின் படிப்பும் கோயிலும் ஞாயிறைப் பங்குபோடுவதும் பழைய கதையே: 1780இல் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியது, வாரம் ஆறு நாளும் வேலை செய்த பிள்ளைகளுக்கு எழுத்து கற்க வேறு நாள் இல்லாததால்தான்.

மலேசியச் சட்டத்தில் அதிகம் பயன்படுத்தப்படாத ஒரு பிடி இருக்கிறது. ஓய்வுநாள் மாறி மாறி வரும் இடங்களில், மாதம் தொடங்குமுன்னே அந்த மாதத்துக்கான ஓய்வுநாள் பட்டியலை முதலாளி தயாரித்து ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும். பல கடைகளில் நடப்பது வேறு: ஞாயிறு இரவு வாட்ஸாப் குழுவில் ‘ஜடுவல்’ என்ற முறைப்பட்டியல் படமாக விழும், மறுநாள் காலை முதல் அது அமல். செமஸ்டர் கால அட்டவணை மூன்று மாதத்துக்கு முன்பே தெரியும், திருச்சபை நாட்காட்டி ஓராண்டுக்கு முன்பே தெரியும். கடையின் பட்டியல் மட்டும் பத்து மணி நேரத்துக்கு முன் தெரிகிறது. மூன்றையும் சமாளிப்பவர்கள், அந்தப் பட்டியல் எழுதப்படுமுன்னே தேர்வுத் தேதிகளையும் பாடகர் குழு தேதிகளையும் எழுத்தில் கொடுத்துவைப்பவர்களாக இருக்கிறார்கள். பட்டியல் வந்த பிறகு கெஞ்சுவது மேலாளரைக் கோபப்படுத்தும், கெஞ்சியவரைச் சக ஊழியருக்குக் கடனாளியாக்கும்.

அந்தக் கடன் மலேசியக் கடைகளில் சுவையாகவே சுழல்கிறது. நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போகும் மலாய்த் தோழியின் முறையைக் கிறிஸ்தவர் எடுப்பார், அந்தத் தோழி கிறிஸ்துமஸ் முன்னிரவில் திருப்பிக் கொடுப்பார். சீனப் புத்தாண்டும் தைப்பூசமும் தீபாவளியும் அதே கணக்கேட்டில் ஏறும். சட்டப்படி 11 சம்பளப் பொதுவிடுமுறைகளில் ஐந்து மட்டும் முதலாளி மாற்ற முடியாதவை. அந்த ஐந்தில் தேசிய நாளும் தொழிலாளர் நாளும் உண்டு, எந்தச் சமயப் பண்டிகையும் இல்லை.

எல்லாவற்றிலும் நெருக்கடி தருவது புனித வாரம். சபாவிலும் சரவாக்கிலும் பெரிய வெள்ளி பொதுவிடுமுறை, தீபகற்பத்தில் இல்லை. பிற்பகல் மூன்று மணிச் சடங்குக்குப் போக ஆண்டு விடுப்பில் ஒரு நாளை எடுக்க வேண்டும். இரவு வகுப்பு இருந்தால் அதற்கும் ஓடி வர வேண்டும். பாஸ்கா திருவிழிப்பு இருட்டிய பிறகுதான் தொடங்க வேண்டும் என்பது விதி. பினாங்கில் இருட்ட எட்டு மணி ஆகும். நெருப்பு, திரி, ஏழு பழைய ஏற்பாட்டு வாசகங்கள், ஞானஸ்நானம் என்று முடிய பதினொன்றை நெருங்கும். சனி இரவு கடை அடைக்கும் முறையை இன்னொருவர் தலையில் கட்டியவர், அதற்கு ஈடாக ஞாயிறு காலை திறக்கும் முறையை வாங்கிக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்து, மெழுகு உருகி ஒட்டிய சட்டையை ஊறப்போட்டு, ஐந்தரைக்கு அலாரம் வைத்துப் படுப்பார். செமஸ்டர் தேர்வு ஏப்ரலில் என்றால் மேசையில் புத்தகமும் திறந்தபடி இருக்கும்.