முதுமாணிப் பட்டமும் ஈரநெல்லும்

‘எம்.பி.ஏ.’ என்னும் மூன்றெழுத்து இந்நாளில் எங்கள் வீடுகளிலும் அடிக்கடி அடிபடுகின்றது. வங்கியில் வேலை பார்க்கும் மகனுக்குப் பதவி உயர்வு வேண்டுமா? கச்சேரியில் உத்தியோகம் பார்க்கும் மருமகளுக்கு மேற்படிப்பில் ஆசையா? வியாபார நிருவாக முதுமாணிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கட்டும் என்று பெரியோர் யோசனை சொல்கின்றனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இப்பட்டத்தை வழங்கி வருகின்றது. 1997 இல் வளாகமாக அமைந்து, 2021 ஆகஸ்டு முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் வியாபாரக் கல்விக்கென ஒரு பீடம் உண்டு. பம்பைமடுவில் அப்பல்கலைக்கழகம் இருப்பதனால் எங்கள் வன்னிப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி ஓரளவேனும் அண்மையில் வந்திருக்கிறது. நல்லதே. ஆனால் வடபுலத்து வணிகப் பள்ளியொன்று இப்பட்டத்துக்கு எதைக் கற்பிக்க வேண்டும் என்னும் கேள்வியை நாம் போதிய அளவு கேட்கவில்லை.

இக்கல்வியின் பிறப்பைச் சிறிது நோக்குவோம். அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகம் 1908 இல் வணிகப் பள்ளியை நிறுவியபோது, அங்குக் கற்பிப்பதற்கு ஆயத்தமான நூல்கள் அதிகம் இருக்கவில்லை. 1919 இல் தலைவராக வந்த வாலஸ் டொனம் சட்டம் படித்தவர். சட்ட மாணவர் வழக்குகளை ஆராய்ந்து பயில்வதுபோல, வணிக மாணவரும் உண்மையான வணிகச் சிக்கல்களை ஆராய்ந்து பயில வேண்டுமென அவர் வற்புறுத்தினார். அந்த முறை உலகெங்கும் பரவியது. முறையோடு கூடவே அந்நாட்டுக் கம்பனிகளின் கதைகளும் பரவின, சங்கடம் அங்கேதான். டொனம் தம்மூர்ச் சிக்கலைத் தேடிப் போனார். நாமோ அவரூர்ச் சிக்கலைப் பாடமாக்கிக்கொண்டோம்!

நம்மூர்ச் சிக்கல் ஒன்றைச் சொல்லுகிறேன். புளியங்குளத்தில் கிழக்கே திரும்பி முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியில் உள்ளது நெடுங்கேணி. காலபோக அறுவடை தொடங்கிவிட்டால் இங்கே யாவர் வாயிலும் ஒரே பேச்சு: “நெல் என்ன விலை போகுது?” முன்பு அரிவாள் கொண்டு அறுத்துச் சூடு வைத்து, ஆறுதலாக மிதித்தெடுத்த காலத்தில் நெல் சிறிது சிறிதாகச் சந்தைக்கு வந்தது. இப்போது இயந்திரம் ஒரு நாளிலே வயலை வெறுமையாக்கிவிடுகின்றது. சில வாரங்களுக்குள் ஊர் நெல் முழுவதும், அதுவும் ஈரநெல்லாக, விலைக்கு வந்து நிற்கும். வியாபாரி ஈரத்தைக் காட்டி மூடைக்கு இத்தனை கிலோ கழிக்கிறார். கமக்காரர் வயிறெரிகிறார்.

இந்தக் கழிவு நியாயமா, அநியாயமா? ஆத்திரப்பட்டுப் பயனில்லை, கணக்குப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு 22 பங்கு ஈரமுள்ள 1000 கிலோ நெல்லில் ஈரம் நீங்கலாக நிற்பது 780 கிலோ. களஞ்சியத்தில் வைக்கத் தக்க அளவாகிய 14 பங்கு ஈரத்துக்கு அதைக் காயவைத்தால், கையில் மிஞ்சுவது ஏறக்குறைய 907 கிலோ. ஆகவே 93 கிலோ ஆவியாகிப் போயிற்று. அதை ஒருவரும் திருடவில்லை. ஈரநெல்லைக் கிலோ 100 ரூபாவுக்கு விற்கலாம் என்று வைத்துக்கொண்டால், காய்ந்த நெல்லுக்கு 110 ரூபாவுக்கு மேல் கிடைத்தாற்றான் காயவைத்தவருக்கு நட்டமில்லை. அதன்மேல் கூலி, படங்கு, சாக்கு, களஞ்சிய வாடகை, எலி, எதிர்பாராத மழை. இவற்றையெல்லாம் விஞ்சியது அடைவிலிருக்கும் நகையின் வட்டி. ‘விலை ஏறும்வரை பொறுத்திருந்தால் என்ன?’ என்று கேட்பவர்கள் அந்த வட்டி பொறுத்திராது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. 93 கிலோவுக்குரிய ஈரத்தைக் காட்டி 130 கிலோ கழித்தால் அது வேறு கதை. ஈரமானி யார் கையில் இருக்கின்றது, அளவு யார் கண்முன் பார்க்கப்படுகின்றது என்பவைதாம் அப்போது கேள்விகள். 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நெல் சந்தைப்படுத்தும் சபை ஏற்பட்டும் இக்கேள்விகள் தீரவில்லை. கமக்காரர் பலர் கூடிப் பொது உலர்களம் ஒன்று அமைப்பது கட்டுப்படியாகுமா? கூட்டுறவுச் சங்கம் நெல்லை ஈடாக வாங்கிக்கொண்டு முற்பணம் கொடுக்கலாமா? அப்பணம் எங்கிருந்து வரும்? கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல், மனிதரை நடத்தும் வகை ஆகிய பாடங்கள் யாவும் இந்த ஒரு மூடை நெல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

இதைவிட்டு மாணவர் ஆராய்ச்சி என்று எதைச் செய்கின்றனர்? ‘வேலைத் திருப்தியும் ஊழியர் செயலாற்றலும்’ என்றாற்போல ஒரு தலைப்பு. ஐந்து கட்டங்கள் கொண்ட வினாக்கொத்து. அதை நண்பர்களிடம் கொடுத்து நிரப்பி வாங்குதல். பின் கணினி தரும் அட்டவணை. நானும் அத்தகைய தாள்கள் பலவற்றை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். எவரும் அவற்றின் முடிவை எனக்குச் சொன்னதில்லை! அதற்குப் பதிலாக, மாணவர் ஒவ்வொருவரும் தாம் வேலை செய்யும் இடத்துச் சிக்கல் ஒன்றை எடுத்து, உண்மைக் கணக்குகளுடன் எழுதித் தரலாம். ஊர்பேர் வேண்டுமாயின் மறைக்கப்படட்டும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் ஒரு சங்கத்தின் முகாமையாளர் எதை வாங்கினார், யாருக்குக் கடன் கொடுத்தார், எதை மறுத்தார்? இதனைவிடச் சிறந்த பாடத்தை எந்த நாட்டுப் புத்தகம் தரும்? பத்து ஆண்டுகளில் இத்தகைய வரலாறுகள் நூற்றுக்கணக்கிற் சேர்ந்துவிடும்.

இது வெறுங் கனவன்று. குஜராத்தில் ஆனந்த் என்னும் ஊர் உண்டு. 1946 இல் அவ்வட்டாரத்துப் பாற்காரர் சங்கமாகக் கூடினர். 1949 இல் அங்கே போய்ச் சேர்ந்த வர்கீஸ் குரியன் அச்சங்கத்தை நாடறிய வளர்த்தார். பெரிய முகாமைத்துவப் பள்ளிகளிற் பயின்றோர் நகரக் கம்பனிகளையே நாடியதைக் கண்டு, கிராமிய முகாமைத்துவத்துக்கென 1979 இல் அங்கேயே ஒரு கல்வி நிலையம் எழச் செய்தார். மாணவர் கிராமங்களிற் சென்று தங்கிக் கற்பது அதன் பாடத்திட்டத்தின் ஓர் உறுப்பாயிற்று. கனடாவின் ஹென்றி மின்ஸ்பேர்க் 2004 இல் வெளியிட்ட நூலிலும் இதையொத்த கருத்தொன்றைக் காண்கிறோம்: அனுபவமில்லாத இளைஞரை வகுப்பறையில் வைத்து முகாமையாளராக்க முடியாது, ஏற்கெனவே பொறுப்பில் இருப்போர் தம் அனுபவத்தையே ஆராய்ந்து கற்க வேண்டும் என்பார் அவர். வேலை பார்த்துக்கொண்டே படிக்க வருவோர் நம்மவருள் அதிகம். அவர்கள் பட்டறிவைப் பாடநூலாகக் கொள்வதற்கு என்ன தடை?

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தை விடச் சொல்லேன். கொழும்புத் தலைமைக் காரியாலயத்துக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் அது வேண்டும். ஆனால் மாணவர் தம் ஆய்வை முதலில் பேராசிரியர் முன் ஆங்கிலத்திலும், பின்னர் ஒரு கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் தமிழிலும் விளக்கட்டும். இரண்டுக்கும் புள்ளிகள் இருக்கட்டும். இரண்டாவது பரீட்சையே கடினமானது என்று நினைக்கிறேன். ‘நிகர இன்றைய பெறுமதி’ என்பதை, நகையை அடைவு வைத்த ஒரு தாயாருக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கட்டும்.

நாட்காட்டியையும் இதற்கேற்பத் திருத்த வேண்டியிருக்கும். காலபோக நெல் விலைக்கு வருவது மாசி, பங்குனியில். அந்தச் சில வாரங்களின் சனி, ஞாயிறுகளில் விரிவுரை மண்டபத்தை மூடிவிட்டு, மாணவரை இருவர் இருவராக நெற் கொள்வனவு நடக்கும் இடங்களுக்கு அனுப்பலாம். ஈரமானியும் தராசும் பல்கலைக்கழகமே வாங்கிக் கொடுக்கட்டும். பாவனைக்கு முன் அவற்றைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம். இல்லாவிட்டால் வியாபாரியும் கமக்காரரும் சேர்ந்து மாணவரைத் துரத்திவிடுவார்கள்.