உங்களுக்குத் தெரியுமா? கருவில் பட்ட பட்டினி

1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படைகள் உணவுப் போக்குவரத்தை மறிக்க, மேற்கு நெதர்லாந்து பட்டினியில் விழுந்தது. ஆம்ஸ்டர்டாமில் ரேஷன் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 400 முதல் 800 கலோரி. டூலிப் கிழங்கைக்கூட வேகவைத்துத் தின்றார்கள், கர்ப்பிணிகள் உட்பட.

அந்நகரின் மருத்துவமனை ஒன்று பிரசவக் குறிப்பேடுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது, நல்லகாலம்! அதைக் கொண்டு, அப்போது பிறந்தவர்களை ஐம்பது வயதில் தேடிப் பிடித்து, சர்க்கரைக் கரைசல் கொடுத்துச் சோதித்தார்கள். 2 மணி நேரம் கழித்தும், கருவில் பட்டினி பட்டவர்களின் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாகவே நின்றது. பின்னர் குளுக்கோஸை நரம்பில் ஏற்றிப் பார்த்தபோது, கணையம் தேவைக்கேற்ப இன்சுலின் சுரக்கவில்லை என்பது தெரிந்தது. இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் பெரும்பாலும் கருவிலும் பிறந்த முதல் சில ஆண்டுகளிலும்தான் பெருகுகின்றன. அப்போது விட்டதைப் பிறகு பாலும் முட்டையும் கொடுத்துப் பிடிப்பது கடினம்.

ஊட்டக்குறைவால் மெலிந்தவர்களுக்கு வரும் சர்க்கரை நோயிலும் சுரப்புக் குறைவே முக்கியக் கோளாறு என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2022இல் காட்டினார்கள். பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2025இல் இதை 'டைப் 5' என்று தனி வகையாக ஏற்றுக்கொண்டது.