ஐந்து மலைகள், ஒரு வாக்கு: கொல்லிமலைப் பாட்டியின் குடும்பக் கதை

பெரம்பலூரிலிருந்து துறையூர் போகும் சாலையில் வலதுபக்கம் ஒரு மலைத்தொடர் கூடவே வரும். அது பச்சைமலை. பெரம்பலூர், திருச்சி, சேலம் என்று மூன்று மாவட்டங்கள் பங்குபோட்டுக்கொண்ட மலை. மழைக்காலத்தில் லாடபுரம் மயிலூற்று அருவிக்குக் குளிக்கப் போகிறவர்களுக்கு அதன் ஓர் ஓரம் தெரிந்திருக்கும். அதற்கும் மேற்கே இருப்பது கொல்லிமலை.

இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு தம்பதி, நூறு வருடங்களுக்கு முன் கொல்லிமலையில் குடியேறி, சுற்றியிருக்கும் ஐந்து மலைத்தொடர்களிலும் திருச்சபை உருவாக்குவதாகத் தங்களுக்குள் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலை, பெரியமலை, சித்தேரி மலை. இந்த வாக்கைக் காப்பாற்ற அந்தக் குடும்பம் கொடுத்த விலை கொஞ்சமல்ல. அதில் பெரும்பங்கைக் கொடுத்தவர்கள், வாக்குக் கொடுக்கும்போது கருத்தே கேட்கப்படாத பிள்ளைகள்.

கிறிஸ்தவ வீடுகளில் ‘அழைப்பு’ என்பது கனமான சொல். நல்ல வேலையில் இருக்கும் ஒருவர் திடீரென்று ஒருநாள், ‘சபையே இல்லாத ஊருக்குப் போய் ஊழியம் செய்யச் சொல்லி ஆண்டவர் அழைக்கிறார்’ என்பார். வீட்டில் ஜெபம் நடக்கும். அது முடிந்ததும் அடுக்களையில் வேறு கேள்விகள் எழும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்ன ஆகும்? வாடகைக்கு எங்கே போவது? வயதான அம்மாவை யார் பார்த்துக்கொள்வது? அழைப்பு அவருக்குத்தானே வந்தது, நமக்குமா?

கத்தோலிக்கத் துறவிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தை ஒட்டிய ஏலாக்குறிச்சிக்குப் போனால் அடைக்கல மாதா கோயிலைப் பார்க்கலாம். இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் 18-ம் நூற்றாண்டில் எழுப்பியது. அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, கலம்பகமும் பாடினார். அவர் எங்கே போனாலும் கூடப் போக மனைவி மக்கள் இல்லை. (அப்படிப்பட்டவர் எழுதிய ‘தேம்பாவணி’யின் நாயகன், மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போன சூசையப்பர் என்பது வேடிக்கைதான்!)

புராட்டஸ்டன்ட் ஊழியர்கள் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள். அங்கே ஒருவர் கிளம்பினால் வீடே கிளம்ப வேண்டும்.

கொல்லிமலைக்குக் கிளம்பியவர் ஜெஸ்ஸி பிராண்ட். கட்டட வேலை தெரிந்தவர். வெப்பமண்டல நோய்களுக்கு வைத்தியம் பார்க்க லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஒரு வருடம் படித்துவிட்டு, 1907-ல் சென்னைக்குக் கப்பலேறினார். அவரை அனுப்பியது ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற சிறிய அமைப்பு. எவ்லின் ஹாரிஸ் வசதியான லண்டன் வணிகக் குடும்பத்துப் பெண். ஓவியம் படித்தவர், நல்ல உடை உடுத்தப் பிடித்தவர். அவர் இந்தியாவுக்கு மிஷனரியாகப் போகிறேன் என்றபோது அப்பாவுக்கு அனுப்பிவைக்க மனம் வரவில்லை. ஆனாலும் வந்தார். தமிழ் படித்தார். 1913-ல், கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் ஜெஸ்ஸியைக் கைப்பிடித்தார். மணப்பெண்ணுக்கு அப்போது வயது 34. மாப்பிள்ளை ஆறு வயது சின்னவர்.

கல்யாணம் முடித்த கையோடு கொட்டும் மழையில் மலை ஏறினார்கள். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை இருக்கிறது, அன்று கால்நடைதான். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் மேலே தங்கத் தயங்கிய காலம் அது. மலேரியாதான் அந்தக் காய்ச்சல்.

வாழவந்தி என்ற ஊரில் ஜெஸ்ஸி மரத்தால் வீடு கட்டினார். கரையான் ஏறாதபடி தூண்களின் மேல் நின்ற வீடு. மலையாளிகள் எனப்படும் மலைவாழ் மக்களின் ஊர் அது. கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் வெவ்வேறு மலைகளுக்குப் பிரிந்துபோனதாகத் தங்கள் பூர்வீகம் சொல்பவர்கள். அவர்களுக்குச் சொந்தச் சாமிகளும் பூசாரிகளும் உண்டு. அறப்பளீஸ்வரர் கோயில் எத்தனையோ தலைமுறையாக அங்கே இருக்கிறது. வெள்ளைக்காரப் போதகரை வாருங்கள் என்று யாரும் கூப்பிடவில்லை. அழைப்பு என்று ஒருவர் நம்புவதும், போகிற ஊர் அவரை அழைப்பதும் வேறு வேறு. மிஷனரி வரலாறுகள் இதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

மருந்துக்கு மட்டும் கூட்டம் வந்தது. ஜெஸ்ஸி பல் பிடுங்கினார், கட்டிகளைக் கீறினார். நரம்புச் சிலந்தி நோய் அப்போது மலையில் பரவலாக இருந்தது. குடிதண்ணீரில் உடலுக்குள் போகும் புழு, நீளமாக வளர்ந்து கால் வழியாகத் தலை நீட்டும். அதைச் சிறு குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்துவிடாமல், நாள்கணக்கில் வெளியே இழுக்க வேண்டும். (இந்தியா இந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000-ல்தான்.) பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், இளைஞர்களுக்குத் தச்சு வேலை என்று மற்றவையும் நடந்தன. ஆனால், சபை? ஆறேழு வருடங்கள் ஓர் ஆள்கூடச் சேரவில்லை. பூசாரி கடுமையாக எதிர்த்தார். சேர்ந்தால் கோயிலும் உறவும் போய்விடும் என்று ஊரும் தயங்கியது.

முதல் உலகப் போரின் முடிவில் உலகையே உலுக்கிய விஷக் காய்ச்சல் கொல்லிமலைக்கும் வந்தது. வீடு வீடாகச் சாவு. ஜெஸ்ஸியும் எவ்லினும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போய், படுத்துக் கிடந்தவர்களுக்கு ஊட்டினார்கள். காய்ச்சலில் விழுந்தவர்களில், அவர்களை எதிர்த்த பூசாரியும் ஒருவர். தான் பிழைக்கமாட்டோம் என்று தெரிந்ததும், தன் பிள்ளைகளை இந்தத் தம்பதி வளர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கைக்குழந்தையாக வந்த அவர் மகளுக்கு ரூத் என்று பெயர் வைத்தார்கள். ‘சாகும்போது பூசாரியே தன் பிள்ளைகளை நம்பி ஒப்படைத்திருக்கிறாரே’ என்ற பேச்சு மலையெங்கும் பரவியது. கொல்லிமலைச் சபை அதற்குப் பிறகுதான் மெல்ல வளரத் தொடங்கியது.

பிராண்ட் தம்பதிக்குச் சொந்தப் பிள்ளைகள் இருவர். 1914-ல் பிறந்த பால், இரண்டு வருடம் கழித்துப் பிறந்த கானி. மலையில் அவர்களுக்கு ராஜவாழ்க்கை. வகுப்பறை என்று தனியாக ஒன்று இல்லை, அம்மாதான் டீச்சர். பால் மரக்கிளையில் உட்கார்ந்து கணக்குப் போட்டு, விடைத்தாளைக் கீழே போடுவான். எவ்லின் திருத்துவார். படிப்பு இப்படியே ஓடாது என்று பெற்றோருக்குத் தெரிந்திருந்தது.

1923-ல் விடுமுறைக்கு இங்கிலாந்து போனவர்கள், திரும்பும்போது பிள்ளைகளை அத்தைமார் பொறுப்பில் லண்டனிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். பாலுக்கு 9 வயது. கானிக்கு அதைவிடவும் குறைவு. அந்தக் காலத்து மிஷனரி வீடுகளில் இது வழக்கம்தான். வழக்கம் என்பதற்காக வலிக்காமல் போய்விடுமா? வாரம் தவறாமல் கடிதம் போகும். மலையில் பூத்த மரம், வந்த குருவி, கறையான் புற்று என்று ஜெஸ்ஸி மகனுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 1930-ல் மறுபடி சேர்ந்திருக்கலாம் என்பது திட்டம்.

1929 ஜூனில் ஜெஸ்ஸிக்குக் காய்ச்சல் கண்டது. மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய காய்ச்சல். சில நாள்களில், 44 வயதில், வாழவந்தியிலேயே இறந்தார். லண்டனுக்குத் தந்தி பறந்தது. தந்திக்கு வேகம் அதிகம், கப்பல் தபாலுக்குக் குறைவு. அப்பா இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகும் அப்பாவின் கடிதங்கள் பாலுக்கு வந்துகொண்டிருந்தன.

பிறகு எவ்லின் பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போனார். மகன் மனதில் இருந்தது அழகான, துள்ளலான அம்மா. கப்பலிலிருந்து இறங்கியதோ ஒடுங்கிப்போன ஒரு சிறிய உருவம். அதிர்ந்துபோனதாகப் பால் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

இனி இங்கேயே இருந்துவிடு என்றார்கள் சொந்தக்காரர்கள். எந்தக் குடும்பத்திலும் அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு அப்பா இல்லை, அம்மாவாவது பக்கத்தில் இருக்க வேண்டாமா? எவ்லின் திரும்பி வந்தார். அவர் செய்தது சரியா என்று இன்றைக்கு ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் சண்டையே வரும். கணவருடன் சேர்ந்து கொடுத்த வாக்கு அவருக்குப் பெரிதாக இருந்தது. பிள்ளைகள் அந்த வயதில் அம்மாவை இழந்ததும் உண்மை. இரண்டில் ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்துவிட முடியாது.

இங்கே வேறொரு தமிழ்க் குடும்பத்தையும் நினைக்க வேண்டியிருக்கிறது. இது வெள்ளைக்காரர்கள் மட்டும் செய்த காரியமல்ல. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ்.அசரியா, 1902-ல் யாழ்ப்பாணம் போயிருந்தபோது, அங்கிருந்த தமிழ்ச் சபையார் தாங்களே பணம் போட்டு வெளியூருக்கு ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். அடுத்த வருடமே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்கு ஆள் தேடினார்கள். மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு நாம் மட்டும் ஊரில் இருப்பதா என்ற கேள்வி அசரியாவைக் குடைந்தது. 1909-ல், ஒய்.எம்.சி.ஏ.வில் வகித்த பெரிய பொறுப்பை விட்டுவிட்டு, மனைவி அன்பு மரியம்மாளோடு அங்கே போனார். புது மொழி, புது ஊர். மூன்று வருடத்தில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

மலைக்கு வருவோம். எவ்லினை ‘கிரானி பிராண்ட்’ என்றுதான் பலருக்கும் தெரியும். அந்தப் பாட்டிப் பட்டம் பிற்பாடு வந்தது. கணவர் போன பிறகு மிஷன் அவருக்குச் சமவெளியில் வேலை கொடுத்தது. அவர் மனம் மட்டும் மேலேயே இருந்தது. 68 வயதானபோது, போதும், ஓய்வு எடுங்கள் என்றது மிஷன். இன்னும் ஒரு வருடம் மட்டும் கொடுங்கள் என்று கெஞ்சி வாங்கினார். அந்த வருடம் முழுக்க, மலையில் குடில் போடத் தேவையான சாமான்களைச் சத்தமில்லாமல் சேர்த்தார். தவணை முடிந்து வழியனுப்பு விழாவுக்கு எல்லோரும் தயாரானபோது சொன்னார்: மிஷனிலிருந்து ஓய்வு பெறுகிறேன், மலைக்குப் போகிறேன்!

நிர்வாகிகளின் முகங்களைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மருத்துவர் இல்லாத மலையில், தனியாக, எழுபதை நெருங்கும் ஒரு பெண். ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியது யார்? ஆனால், சம்பளப் பட்டியலில் இல்லாதவரை யார் தடுப்பது?

அதன் பிறகு சுமார் கால் நூற்றாண்டு, மலை மலையாக அலைந்தார். சின்ன மட்டக் குதிரைதான் வாகனம். அதிலிருந்து விழுவதும் எலும்பு முறிவதும் சகஜமாயிற்று. கடைசிக் காலத்தில் இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றித்தான் நடை. நரம்புச் சிலந்தியை ஒழிக்க ஊர் ஊராகப் பேசி, கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்ப வைத்தார். அழகிய உடைகளை விரும்பிய அந்தப் பழைய லண்டன் பெண்ணின் வீட்டில், கடைசி இருபது வருடங்கள் முகம் பார்க்கும் கண்ணாடியே இல்லை. ஐந்து மலைகளிலும் பணி தொடங்கியதைப் பார்த்துவிட்டார், பச்சைமலையும் சேர்த்து.

பிள்ளைகள் என்ன ஆனார்கள்? பெற்றோரின் ஊழியத்தை வெறுத்து ஒதுங்கியிருந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சிறுவயதில் அப்பா சீழ்க்கட்டிகளைக் கீறுவதைப் பார்த்த பாலுக்கு, மருத்துவம் என்றாலே குமட்டல். அதனால் கட்டட வேலை படித்தார். பிறகு, அப்பா படித்த அதே லிவிங்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்தபோது மனம் மாறி, மருத்துவரானார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு முதலில் அவரும், பின்னால் மருத்துவரான மனைவி மார்கரெட்டும் குழந்தைகளும் வந்து சேர்ந்தார்கள். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்த முடியும் என்று உலகத்துக்கு அங்கிருந்துதான் காட்டினார். மகள் கானி மிஷனரியாக ஆப்பிரிக்கா போனார்.

அம்மா எலும்பை முறித்துக்கொண்டு வரும்போதெல்லாம், மலையை விட்டு இறங்கச் சொல்லி மன்றாடியவர் அதே டாக்டர் பால்தான். ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை.

1974 டிசம்பர் 18 அன்று, 95 வயதில் எவ்லின் இறந்தார். மலைக்கு எடுத்துப் போய், வாழவந்தியில் 45 வருடங்களாகத் தனியாக இருந்த ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.